காரின் கொம்பியூட்டர் பெட்டியை மாற்றுதல்: மலையகத்தில் வாகன மின்வேலை பழகுவோருக்கு ஒரு வழிகாட்டி

எஞ்சினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியை நம் கராஜ்களில் கொம்பியூட்டர் என்றோ ஈ.சி.யூ. என்றோ சொல்கிறோம். பழைய பெட்டியைக் கழற்றி வேறொன்றைப் பூட்டுவது பெரும்பாலான கார்களில் ஒரு மணி நேரத்துக்குள் முடியும் வேலை. அதற்கு முன் செய்யவேண்டிய சோதனைகளும், பூட்டிய பின் செய்யவேண்டிய சாவிப் பதிவும்தான் நேரத்தையும் பொறுமையையும் கேட்பவை. வாகன மின்வேலைக்குப் புதிதாக வந்தவர்கள் இந்த இரண்டையும் தவிர்த்துவிட்டு நேரே பெட்டிக்குப் போவதால், விலை கொடுத்து வாங்கிய பெட்டி சில நாட்களில் மறுபடியும் எரிகிறது, அல்லது பூட்டிய பிறகும் கார் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. பழைய பெட்டியைக் கெடுத்தது எது என்று தெரியும்வரை புதிய பெட்டியை அதன் உறையிலிருந்து எடுக்கக் கூடாது என்பதே இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்த விரும்புவது.

இந்த வேலை இப்போது மலையகத்தில் அதிகமாகத் தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதியில் தனியார் கார்கள் 2025 பெப்ரவரியில்தான் மறுபடி அனுமதிக்கப்பட்டன. இடைப்பட்ட காலத்தில் இருந்த கார்களையே ஓட்டவேண்டியிருந்ததால், 10, 15 வயதான வயரிங்கோடு ஏராளமான கார்கள் ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை வீதிகளில் ஓடுகின்றன. அவற்றில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதி வயரிலும் எர்த்திலும் பியூஸிலும் இருக்கிறது. பெட்டிக்குள் இருப்பது சிறுபகுதிதான்.

எஞ்சின் பெட்டியை மட்டுமே இங்கே எடுத்துக்கொள்கிறேன். எயார்பேக், ஏ.பி.எஸ். பெட்டிகளைப் பயிற்சி பெறாதவர் தொடக்கூடாது. அக்குவா, பிரியஸ் போன்ற ஹைபிரிட் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்களில் உயிரைப் பறிக்கும் மின்னழுத்தம் ஓடுகிறது. அவற்றையும் அதற்கென்று படித்தவரிடமே விட வேண்டும்.

பெட்டி என்ன செய்கிறது

கிராங்க் தண்டு எந்த நிலையில் சுற்றுகிறது, உள்ளே வரும் காற்று எவ்வளவு, எஞ்சினின் தண்ணீர்ச் சூடு என்ன, காற்று புகும் வாயிலான திரொட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது, சைலன்சர் குழாயில் ஒக்சிஜன் எவ்வளவு மிஞ்சுகிறது என்பவற்றை சென்சர்கள் வழியாக அறிந்துகொண்டு, இன்ஜெக்டர் எத்தனை மில்லி செக்கன் திறக்க வேண்டும், கொயில் எப்போது பொறியடிக்க வேண்டும் என்பதைப் பெட்டி தீர்மானிக்கிறது. இதற்கு அதற்குத் தேவையானவை: பெட்டரியிலிருந்து எந்நேரமும் வரும் நேர்மின், சாவியைத் திருப்பும்போது வரும் மின், பல எர்த் வயர்கள். சென்சர்களுக்கு வேண்டிய 5 வோல்ட்டைப் பெட்டியே உண்டாக்கி வெளியே அனுப்புகிறது. இந்த நான்கையும் மல்டிமீட்டரால் அளக்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை கையில் வந்துவிடும்.

பெட்டியைக் குற்றம் சொல்லும் முன்

முதலில் பெட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் அளவிலும், ஸ்டார்ட்டர் சுழலும்போது 9.6 வோல்ட்டுக்குக் குறையாமலும் இருக்க வேண்டும். நுவரெலியாவின் விடியற்காலைக் குளிரில் பலவீனமான பெட்டரி இதற்குக் கீழே இறங்கிவிடும். அப்போது பெட்டி மயங்கி, ஸ்டார்ட்டர் சுற்றியும் எஞ்சின் பிடிக்காமல் போகும். வெயில் ஏறியதும் அதே கார் ஸ்டார்ட் ஆகிவிடுவதால், கொம்பியூட்டர் விட்டு விட்டு வேலை செய்கிறது என்று உரிமையாளர் எண்ணிக்கொள்கிறார்.

அடுத்து, சாவியை ஒன் நிலையில் வைத்து எஞ்சின் விளக்கைப் பாருங்கள். விளக்கு எரியாவிட்டால் பெட்டிக்கு மின் போகவில்லை, அல்லது பெட்டி செத்திருக்கிறது, அல்லது விளக்கே எரிந்துபோயிருக்கிறது. இந்த மூன்றையும் பிரித்தறிய, பெட்டிக்குரிய பியூஸ்களை வெளியே எடுத்துப் பார்ப்பதோடு நிறுத்தாமல், அவற்றின் இரு முனைகளிலும் மின் வருகிறதா என்று அளக்க வேண்டும். பல கார்களில் பிரதான ரிலேயை இயக்குவதே பெட்டிதான். ஆகவே, சாவியைத் திருப்பும்போது அந்த ரிலே சொடுக்குமானால், பெட்டியின் ஒரு பகுதியாவது விழித்திருக்கிறது என்று கொள்ளலாம்.

எர்த்தை ஓம் அளவில் சோதித்து ஏமாறாதீர்கள். ஒரே ஒரு நூலிழை ஒட்டிக்கொண்டிருக்கும் வயரும் ஓம் மீட்டரில் நல்ல வயராகவே தெரியும். மீட்டரை வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைப் பெட்டரியின் எதிர்முனையிலும், சிவப்பு முனையைப் பெட்டியின் எர்த் பின்னின் (கொனெக்டரின் உலோக முனையின்) பின்பக்கத்திலும் வைத்து, இன்னொருவரை ஸ்டார்ட்டர் அடிக்கச் சொல்லுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. பின்னின் முன்வாயில் ஊசியைச் செருகி அதை விரித்துவிடக் கூடாது. பிறகு அந்தப் பின்னே தனியாக ஒரு கோளாறாகிவிடும்.

பிறகு 5 வோல்ட். சென்சர் சொக்கெட்டில் இது 4.9க்கும் 5.1க்கும் இடையில் இருக்க வேண்டும். ஒன்றுமே வராவிட்டால் உடனே பெட்டியைக் கைவிட வேண்டாம். ஒரு சென்சர் உள்ளே ஷோர்ட் ஆகியிருந்தால் அது மொத்த 5 வோல்ட்டையும் இழுத்துக் கீழே தள்ளிவிடும். ஸ்கேனரும் (பெட்டியிலுள்ள பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் கருவி) பேசாது, எஞ்சின் விளக்கும் எரியாது, பெட்டி செத்ததைப் போலவே தோன்றும். மூன்று வயர் சென்சர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே மீட்டரைப் பாருங்கள். எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்பி வருகிறதோ அதுதான் குற்றவாளி. ஒரு பெட்டியின் விலையை இந்தச் சோதனை மிச்சப்படுத்தும் என்பதால், எவ்வளவு அவசரமானாலும் இதைத் தாண்டிப் போகக்கூடாது.

ஸ்கேனர் பெட்டியோடு பேச மறுத்தால், அதைச் செருகும் 16 பின் சொக்கெட்டையே முதலில் அளக்க வேண்டும். 16ஆம் பின்னில் பெட்டரி மின்னும், 4, 5ஆம் பின்களில் எர்த்தும் இருக்க வேண்டும். கேன் இணைப்பு (பெட்டிகள் ஒன்றோடொன்று பேசும் இரட்டை வயர்) உள்ள கார்களில் பெட்டரியைக் கழற்றிவிட்டு 6க்கும் 14க்கும் இடையே அளந்தால் 60 ஓம் அளவில் காட்ட வேண்டும். வயரின் இரு கோடிகளிலும் உள்ள 120 ஓம் தடைகள் இரண்டும் சேர்ந்து தரும் அளவு அது. 120 காட்டினால் ஒரு கோடி துண்டிக்கப்பட்டிருக்கிறது. பூச்சியத்துக்கு அருகே காட்டினால் இரண்டு வயர்களும் எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

மலையில் வேலை செய்பவர் கட்டாயம் தெரிந்திருக்கவேண்டிய இன்னொன்று காற்றழுத்தம். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஒன் நிலையில் இருக்கும்போது, மேனிஃபோல்ட் (எஞ்சினுக்குள் காற்றுப் போகும் குழாய்) அழுத்த சென்சர் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்டும். கொழும்பில் அது 101 கிலோ பாஸ்கல் அளவில் இருக்கும். ஹட்டனில் ஏறத்தாழ 87, கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஏறத்தாழ 81. கீழ்நாட்டுக்கு எழுதப்பட்ட அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு நுவரெலியாவில் 81ஐப் பார்ப்பவர், சென்சரோ பெட்டியோ பழுது என்று முடிவுகட்டிவிடக் கூடும். நீங்கள் வேலை செய்யும் ஊரில் நன்றாக ஓடும் கார்களில் என்ன அளவு காட்டுகிறது என்பதைக் கராஜ் சுவரிலேயே எழுதிவைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் சரியாக இருந்து, பி0601, பி0605, பி0606 போன்ற உட்பழுதுக் குறியீடுகள் அழித்த பின்னும் திரும்பத் திரும்ப வந்தால், அல்லது மின், எர்த், வயர் எல்லாம் சரியாக இருந்தும் ஒரு இன்ஜெக்டருக்கோ கொயிலுக்கோ மட்டும் பெட்டியிலிருந்து சமிக்ஞை வராவிட்டால், அப்போது பெட்டி பழுது என்று சொல்லலாம். யூ0100 என்ற குறியீடு பெட்டியோடு தொடர்பில்லை என்று மட்டுமே சொல்கிறது. பெட்டி செத்துவிட்டது என்பதற்கு அது சான்றாகாது.

பெட்டியைக் கெடுப்பவை

நம் பக்கத்தில் முதல் எதிரி ஈரம். மரத்தடியில் நிறுத்தும் கார்களில் முன் கண்ணாடிக்குக் கீழேயுள்ள தண்ணீர் வடிகாலை இலைச்சருகு அடைத்துக்கொள்கிறது. மழைத்தண்ணீர் பக்கவாட்டில் கசிந்து டேஷ்போர்டுக்குப் பின்னால் இறங்குகிறது. பல டொயோட்டா கார்களில் குளவ் பொக்ஸுக்குப் பின்னாலேயே பெட்டி இருப்பதால், பயணியின் காலடிக் கம்பளத்தைத் தூக்கி ஈரமிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல பழக்கம். எஞ்சினறைக்குள் பெட்டி இருக்கும் கார்களில், உடைந்த வயர் உறையின் வழியே புகுந்த தண்ணீர் செப்பு நூல்களுக்கிடையே ஊறிக்கொண்டே சென்று கொனெக்டரை அடைந்துவிடும்.

மஸ்கெலியாப் பக்கத்திலிருந்து வந்த ஒரு வேனின் உரிமையாளர், “பாஸ், கொம்பியூட்டர் அடிச்சிருச்சுன்னு சொல்றாங்க, மாத்திருவோமா?” என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். பனி மூடிய காலைகளில் மட்டும் வேன் ஸ்டார்ட் ஆகாது. கொனெக்டரைக் கழற்றிப் பார்த்தபோது பின்கள் எல்லாம் பொன்னிறத்தில் சுத்தமாக இருந்தன. எர்த் பின்னின் அடியில் மட்டும் பாசி போன்ற பச்சைத்தூள் ஒட்டியிருந்தது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே போனால், பெட்டரித் தட்டுக்குக் கீழே வேனின் பொடியில் (உலோக உடலில்) முறுக்கிய எர்த் நட் விரலாலேயே சுழன்றது. வயரின் உறையைக் கீறியதும் உள்ளே செப்பு கறுத்து, பொடிப்பொடியாக உதிர்ந்தது. புதிய வயரும் சுரண்டிச் சுத்தமாக்கிய இடமும் போதுமாயிருந்தன. பெட்டி அதே பெட்டிதான்.

இரண்டாவது, எலி. தோட்டங்களில் நாட்கணக்கில் நிறுத்திவைக்கும் கார்களின் எஞ்சின் மேல் எலி கூடு கட்டி வயரைக் கடித்துவிடுகிறது. கடிபட்ட இரண்டு வயர்கள் ஒன்றையொன்று தொட்டால் பெட்டியின் உள்ளே எரியும். மூன்றாவது, மனிதர் செய்வது: ஜம்ப் கேபிளை மாற்றிக் கொடுப்பது, பெட்டரியைக் கழற்றாமல் பொடியில் வெல்டிங் அடிப்பது. நான்காவது, ஓல்டர்னேட்டர். எஞ்சின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட்டுக்குள் நிற்கவேண்டியது 15ஐத் தாண்டினால் பெட்டிக்கு ஆபத்து. கார் ஸ்டார்ட் ஆகாத நிலையில் இதை அளக்க முடியாது என்பதால், அண்மையில் பல்புகள் அடிக்கடி எரிந்தனவா, பெட்டரித் தண்ணீர் விரைவில் வற்றியதா என்று உரிமையாளரிடம் கேளுங்கள். ஐந்தாவது, ஷோர்ட் ஆன கொயில் அல்லது இன்ஜெக்டர். சாதாரண இன்ஜெக்டர் 12 முதல் 16 ஓம் அளவில் காட்டும். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட மிகக் குறைவாகக் காட்டினால் பெட்டியை எரித்தது அதுவாக இருக்கலாம், அதை மாற்றாமல் புதிய பெட்டியைப் பூட்டினால் அதையும் எரிக்கும்.

வேறு பெட்டி தேடுதல்

பெட்டியின் மேல் ஒட்டியுள்ள இலக்கத்தைக் கடைசி எழுத்துவரை பார்த்து வாங்க வேண்டும். ஒரே மொடல், ஒரே ஆண்டு, ஒரே எஞ்சின் என்றாலும் ஓட்டோ கியருக்கும் மெனுவல் கியருக்கும் பெட்டி வேறு; இமோபிலைசர் (சரியான சாவியில்லாமல் எஞ்சின் ஓடாதபடி தடுக்கும் அமைப்பு) உள்ளதற்கும் இல்லாததற்கும் வேறு. கொனெக்டர் பொருந்துகிறது என்பதை வைத்து முடிவெடுக்கக் கூடாது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் தேடுவதானால் லேபிளின் தெளிவான படத்தோடு பழைய பெட்டியையே கொண்டு செல்வது நல்லது. வாங்கும்போது மூடியின் ஓரப் பசை கிழிபட்டிருக்கிறதா, பின்களில் பச்சை படிந்திருக்கிறதா, உள்ளிருந்து கருகிய வாடையோ மீன்வாடையோ வருகிறதா என்று பாருங்கள். 1990களின் மிட்சுபிஷி பெட்டிகள் சிலவற்றில் கெப்பாசிட்டர் ஒழுகி இந்த மீன்வாடை வரும். அந்த அளவில் பிடிபட்டால் கெப்பாசிட்டரை மாற்றியே பழைய பெட்டியைக் காப்பாற்றலாம். வேலை செய்யாவிட்டால் எத்தனை நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்பதைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பழைய பெட்டியில் நினைவகச் சிப் மட்டும் நலமாக இருந்தால், அதிலுள்ள தரவை அதே இலக்கமுள்ள இன்னொரு பெட்டிக்குப் பிரதி செய்துகொள்ளலாம். அப்படிச் செய்தால் சாவிக் குறியீடும் கூடவே வந்துவிடுவதால், புதிய பெட்டியைக் கார் தன்னுடையதாகவே ஏற்றுக்கொள்ளும். எட்டுக்கால் சிப்பைச் சூடாக்கிக் கழற்றும் இந்த வேலையைப் பழக்கமுள்ளவரிடம் கொடுப்பதே என் பரிந்துரை. அந்தச் சிப் சிதைந்தால் பழைய பெட்டியிலிருந்து எடுக்க ஒன்றும் மிஞ்சாது.

கழற்றுதலும் பூட்டுதலும்

பெட்டி பேசுகிற நிலையில் இருந்தால், முதலில் ஸ்கேனரில் குறியீடுகள் அனைத்தையும் படமெடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ரேடியோவுக்கு இரகசிய இலக்கம் உண்டா, உரிமையாளரிடம் எத்தனை சாவிகள் இருக்கின்றன என்று கேளுங்கள்; பதிவு செய்யும்போது எல்லாச் சாவிகளும் கையில் இருக்க வேண்டும். பிறகு சாவியை ஓஃப் செய்து வெளியே எடுத்துவிட்டு, பெட்டரியின் எதிர்முனையைக் கழற்றி, அது தானாகத் திரும்பித் தொட்டுவிடாதபடி துணியால் சுற்றிவையுங்கள். டேஷ்போர்டுப் பக்கம் கை வைக்கும் முன் குறைந்தது 3 நிமிடம் காத்திருங்கள். எயார்பேக்கின் சேமிப்பு மின் அடங்க அந்த நேரம் தேவை. மஞ்சள் நிறக் கொனெக்டர் எதையும் தொடாதீர்கள்.

நம் உடலில் சேரும் நிலைமின்னை நாம் உணர்வதற்கு முன்பே அது சிப்பைக் கெடுத்துவிடும். எர்த் கையணி கட்டிக்கொள்ளுங்கள். கிடைக்காவிட்டால் காரின் வண்ணம் பூசாத உலோகத்தைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்கி, இடையிடையேயும் தொட்டுக்கொள்ளுங்கள். பெட்டியின் பின்களில் விரல் படக்கூடாது. கொனெக்டரின் நெம்புப்பிடியை முழுவதும் திறந்த பிறகே இழுக்க வேண்டும். வயரைப் பிடித்து இழுப்பது கூடாது.

கெடுத்த காரணத்தைச் சரிசெய்வது இந்த இடத்தில்தான் வருகிறது. கடிபட்ட வயரைச் சோல்டர் செய்து, பசையுள்ள சுருங்குகுழாய் போட்டு மூடுங்கள். வெறும் டேப் ஒரு மழைக்காலத்தைத் தாங்காது. எர்த் இடங்களை உலோகம் தெரியச் சுரண்டி, முறுக்கி, மேலே கிரீஸ் பூசுங்கள். வடிகாலைத் திறந்து ஒரு வாளித் தண்ணீர் ஊற்றி அது வெளியே போகிறதா என்று பாருங்கள். கொனெக்டரில் பச்சை இருந்தால் மின்னிணைப்புச் சுத்திகரிப்பு ஸ்பிறே அடித்து, நன்றாக உலரவிட்டு, தளர்ந்த பின்களை மாற்றுங்கள்.

புதிய பெட்டியைக் கம்பெனி வைத்த அதே பிறேக்கெட்டில், அதே எல்லா நட்டுகளோடும் பூட்ட வேண்டும். சில கார்களில் அந்த நட்டின் வழியாகவே எர்த் போகிறது. கொனெக்டருக்கு வரும் வயர்க் கட்டு பெட்டியை அடையும் முன் சற்றுக் கீழே தாழ்ந்து பின் மேலேறுமாறு கட்டினால், வயரோடு ஓடிவரும் தண்ணீர் அந்தத் தாழ்விலேயே சொட்டிவிடும். கொனெக்டரின் ரப்பர் வளையம் இருந்த இடத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு நெம்புப்பிடியை மூடுங்கள். கடைசியாகத்தான் பெட்டரி.

சாவிப் பதிவும் பழக்குதலும்

ஸ்டார்ட்டர் சுற்றுகிறது, எஞ்சின் பிடித்து உடனே அணைகிறது, சாவி விளக்கு மின்னிக்கொண்டேயிருக்கிறது என்றால், பெட்டி பழுது என்று அஞ்ச வேண்டாம். இமோபிலைசர் புதிய பெட்டியை அடையாளம் காணவில்லை. இதற்கான முறை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். சில டொயோட்டா மொடல்களில் 16 பின் சொக்கெட்டின் 4ஐயும் 13ஐயும் இணைத்து, சாவியை ஒன் நிலையில் 30 நிமிடம் விட்டுவைத்தாலே எஞ்சின் பெட்டியும் இமோபிலைசர் பெட்டியும் ஒன்றையொன்று அறிந்துகொள்ளும். பல கார்களுக்குத் தகுந்த ஸ்கேனரும் செசி இலக்கமும் தேவைப்படும். அந்தக் காரின் வேர்க்ஷொப் கையேட்டில் உள்ளதை மட்டும் செய்யுங்கள். வேறு காருக்குச் சொன்னதை இதில் முயன்று பார்க்க வேண்டாம்.

மென்பொருள் ஏற்றும்போது மின் ஒரு கணம் விழுந்தாலும் பெட்டி உயிரில்லாத தகரமாகிவிடலாம். நிலையான மின்வழங்கியால் பெட்டரியை 13 வோல்ட் அளவில் தாங்கிப்பிடியுங்கள். ஹெட்லைட், பேன், ரேடியோ எல்லாவற்றையும் அணையுங்கள். மழைக்காலத்தில் இடி விழும் மாலைகளில் நம் ஊர்களில் கரண்ட் போவது வழக்கம் என்பதால், இந்த வேலையைக் காலையில் வைத்துக்கொள்வது நல்லது. மின்வழங்கி நின்றாலும் தாங்கக்கூடிய நல்ல பெட்டரி காரில் இருக்க வேண்டும். மடிக்கணினியின் பெட்டரியும் நிறைந்திருக்க வேண்டும்.

ஸ்டார்ட் ஆனவுடன் முதலில் ஓல்டர்னேட்டரை அளவிடுங்கள். 15க்கு மேல் போனால் உடனே அணைத்துவிடுங்கள். சரியாக இருந்தால், ஏ.சி., விளக்கு எதுவும் போடாமல் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வரும்வரை ஐட்லில் விடுங்கள். ஐட்ல் சற்று ஏறியிறங்குவது தொடக்கத்தில் இயல்பு. நிசான் போன்ற சில கார்களில் ஐட்ல் காற்றுப் பழக்குதலை ஸ்கேனரால் தனியாகச் செய்யவேண்டியிருக்கும்.

ஓட்டிப் பார்ப்பதற்கு நம் மலைவீதிகளைவிடப் பொருத்தமான இடம் இல்லை. கம்பளையிலிருந்து றம்பொடைப் பக்கம் ஏறும் நீண்ட ஏற்றத்தில், ஒருவர் ஓட்ட இன்னொருவர் ஸ்கேனரைப் பார்க்க வேண்டும். எரிபொருள் திருத்த அளவு (பெட்டி எரிபொருளைத் தானே திருத்தும் வீதம்) கூட்டியோ குறைத்தோ 10 சதவீதத்துக்குள் நிற்கிறதா, ஏற்றத்தில் பொறி தவறுகிறதா, தண்ணீர்ச் சூடு நிலையாக இருக்கிறதா என்று பாருங்கள். இறக்கத்தில் கியரில் வைத்தபடியே எக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், நல்ல பெட்டி இன்ஜெக்டர்களை மூடிவிடும். ஸ்கேனரில் இன்ஜெக்டர் நேரம் பூச்சியத்துக்கு இறங்குவதைக் காணலாம். காலை எடுத்தும் அது இறங்காவிட்டால், திரொட்டில் மூடியிருப்பதைப் பெட்டி அறியவில்லை. திரொட்டிலின் மூடிய நிலையைப் பெட்டிக்கு மறுபடி பழக்க வேண்டும். ஆண்டுதோறும் வருமான அனுமதிப்பத்திரத்துக்காக எடுக்கும் புகைப் பரிசோதனையின் பழைய அறிக்கை உரிமையாளரிடம் இருந்தால், புதிய அளவுகளை அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் பயன் தரும்.

காரை ஒப்படைக்கும்போது பழைய பெட்டியையும் நிலைமின் தடுக்கும் பையில் போட்டு, செசி இலக்கம், கழற்றிய திகதி, கண்ட பழுது ஆகியவற்றை எழுதி ஒட்டி உரிமையாளரிடமே கொடுத்துவிடுங்கள். புதிய பெட்டியில் ஏதும் நேர்ந்தால் சாவித் தரவை எடுக்க அது உதவும். முதல் பெருமழைக்குப் பிறகு ஒருமுறை வரச்சொல்லி, கம்பளத்தின் அடியையும் கொனெக்டரையும் திறந்து பார்த்துவிட்டு, உலர்ந்திருந்தால் மட்டும் வேலை முடிந்ததாகக் கணக்கில் எழுதுங்கள்.